அத்தியாயம் 6: கூனி இல்லாத படித்துறை

போன அத்தியாயத்தில் டி.டி.எஸ். மீட்டரையும் பி.எச். தாளையும் பார்த்தோம். இரண்டுமே கையில் இருக்க வேண்டியவைதான். ஆனால் இரண்டுக்கும் ஒரு குறை உண்டு. நீங்கள் ஆற்றில் இறங்கி நிற்கும் அந்த நிமிடத்துத் தண்ணீரை மட்டுமே அவை அறியும். கழிவைத் திறந்துவிடுகிறவருக்கும் இது தெரியும். அதனால்தான் குழாய் ராத்திரி இரண்டு மணிக்குத் திறக்கிறது, அல்லது நல்ல மழை பிடித்த அன்றைக்குத் திறக்கிறது. காலையில் நீங்கள் புட்டியோடு போய் நிற்கும்போது அந்தத் தண்ணீர் எப்போதோ கீழே போயிருக்கும்.

ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். நான் வழக்கமாகப் போகும் படித்துறையில் தூண்டில் போடும் பெரியவர் ஒருவர் உண்டு. ஒருநாள் மீட்டரை நீட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லாத்தான் இருக்குண்ணே" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி நல்லா இருந்தா தூண்டில்ல கோக்கக் கூனி கெடைக்கணுமே தம்பி. எட்டு நாளா ஒண்ணு கெடைக்கல" என்றார். இந்த அத்தியாயத்தை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

கூனி இறால், ஆற்று நண்டு, வண்ண மீனுக்குத் தீனியாகப் போடும் மொய்னா, இவை எல்லாம் ஓட்டுடலிகள். பூச்சிகளுக்கு நெருங்கிய உறவு. பூச்சிமருந்து எந்த நரம்பைக் குறிவைக்கிறதோ அதே அமைப்பு நரம்பு இவற்றுக்கும் இருக்கிறது. வளர வளர ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போடும் பிறவிகள் வேறு. ஓடு கழற்றிய சில மணி நேரம் உடம்பு மெத்தென்று இருக்கும், தண்ணீரை உள்ளே இழுத்து ஊதும். அந்த நேரத்தில் தண்ணீரில் என்ன கலந்திருந்தாலும் அதுவும் சேர்ந்து உள்ளே போகும். எனவே மீன் தாங்கும் பல விஷங்களை, குறிப்பாகப் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகளை, இவை தாங்குவதில்லை.

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றில் போய்ச் சேரும் கென்னட் என்ற ஆற்றில் 2013 ஜூலையில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். மார்ல்பரோ ஊர்ப் பக்கம், ஆற்றைக் கவனித்துவரும் தன்னார்வலர்கள் மாதாமாதம் வலை போட்டு இறாலையும் பூச்சிப் புழுக்களையும் எண்ணிவந்தார்கள். அந்த மாதம் வலையில் வந்ததெல்லாம் செத்ததும் சாகக் கிடந்ததும்தான். தகவல் போனது, அதிகாரிகள் வந்தார்கள், சோதித்தார்கள். குளோர்பைரிஃபாஸ். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றுக்கு வந்திருந்தது. கணக்கிட்டுப் பார்த்தபோது மொத்தமே இரண்டு மேஜைக்கரண்டி அளவுதான் இருக்கும் என்றார்கள். அதற்கே சுமார் 15 கிலோமீட்டருக்கு இறாலும் பூச்சியும் துடைத்தாற்போல் போய்விட்டன. இரண்டு கரண்டி மருந்து ஆற்றுக்கு நிறமும் தராது, நுரையும் தராது. வலை போடும் பழக்கம் இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. நம் ஊரில் வீடு கட்டும்போது கரையானுக்கு அடிக்கிறார்களே, அதிலும் பரவலாக இருந்துவந்தது இதே மருந்துதான்.

ஆற்றில் எண்ணுவது

வேண்டியவை: நீளக் கைப்பிடி போட்ட வலை, வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, கைக்கடிகாரம், நோட்டு. வலைக்கண் கொசுவலை அளவுக்குச் சின்னதாக இருந்தால் போதும்.

கூனி நடு ஆற்று மணலில் இருக்காது. கரையோரம் தண்ணீருக்குள் தொங்கும் புல்வேர், வேலம்பாசி, கோரைத் தூர், இங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். வலையை வேருக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கி உலுக்கி எடுங்கள். மூன்று நிமிடம், கடிகாரம் பார்த்து. வந்ததைத் தண்ணீர் விட்ட வெள்ளைத் தட்டில் கவிழ்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் பாருங்கள். முதலில் குப்பைதான் தெரியும். பிறகு குப்பைக்கு நடுவே இரண்டு கரும்புள்ளி நகரும். அது கண். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் கண்தான் முதலில் அகப்படும். தொட்டால் பின்பக்கமாகத் துள்ளும். வயிற்றுக்கு அடியில் பச்சையாகவோ பழுப்பாகவோ கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் முட்டை. முட்டையோடு எத்தனை இருக்கின்றன என்று தனியாகக் குறியுங்கள். பெரியது நாலு இருந்து முட்டையோ குஞ்சோ ஒன்றுகூட இல்லாத இடம், சந்தேகப்பட வேண்டிய இடம்.

ஒன்று விடாமல் எண்ண வேண்டியதில்லை. இங்கிலாந்துத் தன்னார்வலர்கள் செய்வதுபோல் வகுப்பாகப் பிரித்தால் போதும்: 1 முதல் 9 வரை ஒரு வகுப்பு, 10 முதல் 99 வரை அடுத்தது, 100 முதல் 999 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. ஒன்றுமே இல்லை என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். கோடு போட்டு விட்டுவிட்டால், அன்றைக்கு வலையே போடவில்லையா, போட்டும் கிடைக்கவில்லையா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். உங்கள் எண்ணிக்கையைக் கேட்கும் எவரும், நல்லவரோ கெட்டவரோ, ஒரே கேள்விதான் கேட்பார்: "எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?" கழிவு சேரும் இடத்துக்குக் கீழே கூனி இல்லை என்பது பாதிச் செய்திதான். மேலே இருக்கிறது, கீழே இல்லை என்றால்தான் முழுச் செய்தி. எனவே எப்போதும் இரண்டு இடம். கழிவு சேருமிடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே உள்ளதை ஒப்பிடம் என்று அழைப்போம். இரண்டிலும் ஒரே மாதிரிக் கரை, ஒரே மாதிரிப் பாசி, ஒரே மாதிரி ஓட்டம் இருக்க வேண்டும். மேலே வேலம்பாசி மண்டிய மடுவையும் கீழே வெறும் மணல் திட்டையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது பாசியை, மாசை அல்ல. நேரமும் ஒன்றாக இருக்கட்டும். கூனி வெயிலில் ஒளியும், இருட்டில் வெளியே வரும். ஒரு மாதம் காலை ஆறு மணிக்கும் மறு மாதம் நண்பகலிலும் போனால் கணக்கு உதவாது.

முதல் ஒரு வருடம் யாரிடமும் புகார் சொல்லாதீர்கள். எண்ணுங்கள், அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் குறையும். ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கும் கோடையில் குட்டைக்குள் திரண்டு கூடுதலாகவே தெரியும். உங்கள் ஆற்றுக்கு எது இயல்பு என்று தெரிய நாலு பருவம் வேண்டும். பிறகு, எப்போதும் இரண்டாம் வகுப்பில் நிற்கும் இடம் ஒருநாள் பூஜ்யம் காட்டினால் மறுநாளே போய் மறுபடி போடுங்கள். அன்றும் பூஜ்யம், ஒப்பிடத்தில் மட்டும் வழக்கம்போல் இருக்கிறது என்றால் அடுத்துச் சொல்லப்போகும் வீட்டுச் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் நேரம் அது.

பெரிய கொடுக்கு வைத்த ஆற்று இறாலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காவிரியில், கொள்ளிடம் கீழணைப் பக்கமெல்லாம் கிடைக்கும் மாக்ரோபிராக்கியம் மால்கம்சோனி போன்றவை பிறந்து சில நாளைக்கு உப்புக் கலந்த கழிமுகத் தண்ணீரில்தான் வளரும், பிறகு ஆற்றில் ஏறி வரும். நடுவே அணை நின்றால் ஏற முடியாது. அணைக்கு மேலே அது இல்லை என்பதற்கு மாசு காரணம் என்று சொல்லிவிட்டு அசடு வழிந்தவர்கள் உண்டு.

நண்டைப் பற்றிச் சுருக்கமாக. வயல் நண்டும் ஆற்று நண்டும் இடம் பெயராத பிராணி. குஞ்சைக்கூடத் தாய் வயிற்று மடலுக்குள் வைத்தே வளர்த்து விடும். எனவே ஓர் இடத்து நண்டு அந்த இடத்தின் கதையைத்தான் சொல்லும். ஆனால் அது உரம் பாய்ந்த உடம்பு, சீக்கிரம் சாகாது. நண்டு போய்விட்டது என்பது மிகவும் தாமதமாக வரும் செய்தி. நண்டின் உடம்பில் உலோகம் ஏறியிருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கலாம், ஆனால் செம்பை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. நமக்கு ரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல் அதற்குச் செம்பு இயல்பாகவே உண்டு.

பாதுகாப்பு பற்றி மூன்றே சொல். தனியாகப் போகாதீர்கள். மணல் அள்ளிய குழி மேலே தெரியாது, எனவே வலைக் கைப்பிடியால் ஆழம் பார்க்காமல் காலை வைக்காதீர்கள். அணைக்குக் கீழே என்றால் அன்றைக்குத் தண்ணீர் திறப்பு உண்டா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வீட்டு மேஜையில் மொய்னா

தண்ணீரில் விஷம் இருக்கிறதா என்று உயிரை விட்டுப் பார்க்கும் சோதனைக்கு உலகம் முழுக்க ஆய்வகங்களில் நிற்பது டாப்னியா மாக்னா என்ற நீர்த்தெள்ளு. ஒருநாள் வயதுகூட ஆகாத குஞ்சுகளைச் சோதிக்கும் தண்ணீரில் விட்டு, 48 மணி நேரம் கழித்து எத்தனை நீந்தவில்லை என்று எண்ணுவார்கள். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பேசல் அருகே ரசாயனக் கிடங்கு எரிந்து, தீயணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்து ரைன் ஆற்றில் கலந்த பிறகு, ஆற்றுத் தண்ணீரை இடைவிடாமல் டாப்னியா மேல் ஓடவிட்டு அதன் நீச்சலைக் கண்காணிக்கும் நிலையங்களே அங்கே வந்தன.

ஆனால் டாப்னியா மாக்னாவுக்கு வேண்டிய வெப்பம் 18 முதல் 22 டிகிரி. நம் வீட்டில் மார்கழியிலேயே அது கிடைப்பது அரிது. வெயிலில் செத்துப்போன டாப்னியாவை வைத்து ஆற்றைக் குற்றம் சொல்ல முடியாது. என் தேர்வு மொய்னா. முப்பது டிகிரியிலும் கும்மாளம் போடும். நாலைந்து நாளில் குஞ்சு பொரித்துவிடும். சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டால் ஒரு பாட்டில் தருவார்கள்.

இருபது லிட்டர் தொட்டியில், கிணற்றுத் தண்ணீர் அல்லது சுத்தமான குளத்துத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் கூடவே கூடாது. "அதைவிடச் சுத்தம் எது?" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்பார்கள். ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே, அதைத்தான் அந்த இயந்திரம் உருவி எடுத்துவிடுகிறது. தீனிக்கு ரொட்டி ஈஸ்ட்: வெந்நீர் இல்லாத சாதாரணத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்து, தொட்டி லேசாக மங்கும் அளவுக்கு மட்டும். மறுநாள் தெளிந்திருந்தால் மறுபடி. அன்பு மிகுந்து அள்ளிப் போட்டால் தண்ணீர் கெட்டு, காலையில் எல்லாம் அடியில் கிடக்கும்.

தொட்டியே உங்களோடு பேசும். மொய்னா செந்நிறமாக மாறினால் தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். மூச்சுக்குத் திண்டாடும்போது ரத்தத்தில் சிவப்பைக் கூட்டிக்கொள்ளும். முதுகில் சேணம் வைத்தாற்போல் கருத்த முட்டைக்கூடு தெரிந்தால், அது கெட்ட காலத்துக்கு முட்டையைப் பத்திரப்படுத்துகிறது. இந்த இரண்டில் எதைக் கண்டாலும் அந்த வாரம் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம், முதுகுப் பையில் குஞ்சு நிறைந்த தாய் மொய்னாக்களை இங்க் ஃபில்லரால் எடுத்து, தொட்டித் தண்ணீரே ஊற்றிய கிண்ணத்தில் விடுங்கள். நாற்பது தாய் இருந்தால் தாராளம். காலையில் பெரிதை எல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் நிற்கும் தூசு போன்றவை அனைத்தும் ஒருநாள்கூட ஆகாத குஞ்சுகள். அவைதான் வேண்டும்.

கண்ணாடிக் குவளை பன்னிரண்டு. நான்கில் கீழ் இடத்துத் தண்ணீர், நான்கில் மேல் இடத்துத் தண்ணீர், நான்கில் உங்கள் தொட்டித் தண்ணீர். ஒவ்வொன்றிலும் 50 மில்லி, ஐந்து குஞ்சு. ஆக வகைக்கு இருபது. ஆற்றுத் தண்ணீரை எடுத்த அன்றே, தப்பினால் மறுநாளே சோதிக்க வேண்டும். அதுவரை புட்டி முழுக்க நிரப்பி ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஊற்றும்முன் அறைச் சூட்டுக்கு வரட்டும், துணியில் வடிகட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் ஆற்றிலிருந்து வந்த ஏதாவது ஒரு புழு உங்கள் குஞ்சுகளைத் தின்றுவிட்டு அப்பாவியாக நிற்கும். ஃபில்லர் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித்தான் குஞ்சை விட வேண்டும். மேலிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்று புகுந்து மிதக்கும்.

24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். குவளையை மெல்லச் சுழற்றி, 15 நொடி எண்ணுங்கள். அதற்குள் நீந்தாதது செயலிழந்தது. கொம்பை லேசாக ஆட்டிக்கொண்டு அடியில் கிடந்தாலும் செயலிழந்ததுதான். மனம் இளகி உயிர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆய்வகங்கள் 48 மணி நேரம் போகும். நம் கோடைச் சூட்டில் குஞ்சு பட்டினியிலேயே துவண்டுவிடும், எனவே ஏப்ரல், மே மாதங்களில் நான் 24 மணியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொட்டித் தண்ணீர்க் குவளைகளில், அதாவது ஒப்புக் குவளைகளில், இருபதில் இரண்டுக்கு மேல் செயலிழந்திருந்தால் மொத்தச் சோதனையையும் தூக்கிப் போடுங்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் வருடம் ஒரு ராத்திரி, மேல் இடம், கீழ் இடம் இரண்டையும் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். இடம் போதாது என்று தொட்டித் தண்ணீரை ஒரே ஒரு குவளையில், பேருக்கு வைத்திருந்தேன். காலையில் ஆற்றுத் தண்ணீரில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆறே விஷம் என்று நோட்டில் பெரிதாக எழுதி, இரண்டு பேருக்குப் போனும் போட்டுவிட்டேன். பிறகுதான் அந்த ஒற்றைக் குவளை கண்ணில் பட்டது. அதிலும் ஐந்தும் அடியில். மேஜைக்கு மேலே, பிளக்கில், கொசு மருந்து திரவம் ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருந்தது. கொசுவைக் கொல்லும் ஆவி மொய்னாவையும் கொல்லும். அந்த இரண்டு பேருக்கும் திரும்பப் போன் போட்டு நடந்ததைச் சொன்னது பெரிய தண்டனை. அன்றிலிருந்து ஒப்புக் குவளைகளைத்தான் முதலில் வைக்கிறேன், முதலில் பார்க்கிறேன்.

சாவுக்குக் காரணம் தேடுவது

மேல் இடத்தில் பத்தொன்பது நீந்துகின்றன, ஒப்புக் குவளையில் இருபதும் நீந்துகின்றன, கீழ் இடத்தில் மூன்றே நீந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏதோ இருக்கிறது. என்ன என்று மொய்னா சொல்லாது, ஆனால் சிலவற்றை நீங்களே விலக்கலாம்.

முதலில் உப்பு. சாயப் பட்டறைக் கழிவில் சாயத்தைவிட உப்பு அதிகம், துணியில் சாயம் ஏற அதைத்தான் கொட்டுகிறார்கள். நொய்யலின் பிரச்சினையும் பெரும்பாலும் இந்த உப்புதான். டி.டி.எஸ். மீட்டரில் கீழ் இடம் மேல் இடத்தைப்போல் பல மடங்கு காட்டினால், தொட்டித் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்து அதே டி.டி.எஸ். வரவழைத்து, அதிலும் இருபது குஞ்சு விடுங்கள். அங்கேயும் செத்தால் உப்பே போதுமான காரணம். அங்கே பிழைத்து ஆற்றுத் தண்ணீரில் மட்டும் செத்தால் உப்போடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது.

அடுத்து மூச்சு. சாக்கடை கலந்த தண்ணீரில் ஆக்சிஜன் இராது. மீன்தொட்டிக் காற்றுக் குழாயை அரை மணி விட்டு, அந்தத் தண்ணீரில் இன்னொரு நான்கு குவளை வையுங்கள். பிழைத்தால் சாக்கடைதான் ஆள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காற்று விட்டால் பி.எச். ஏறும், பி.எச். ஏறினால் சாக்கடையின் அம்மோனியா விஷம் கூடும். எனவே காற்றுக்கு முன்னும் பின்னும் பி.எச். குறித்து வையுங்கள்.

மூன்றாவது, கலந்து பார்ப்பது. கீழ் இடத்துத் தண்ணீரைத் தொட்டித் தண்ணீரோடு பாதிக்குப் பாதி, பிறகு கால் பங்கு. கால் பங்கிலும் சாகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.

யாரிடம், எப்படி

மாவட்டத்தில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு எழுத்தில். இடம், தேதி, மணி, மூன்று வகைக் குவளையின் எண்ணிக்கை, கடந்த ஒரு வருடக் கூனிக் கணக்கு. இன்ன ஆலைதான் என்று எழுதாதீர்கள். உங்களுக்கு அது தெரியாது.

உங்கள் புட்டி நீதிமன்றத்தில் நிற்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 21-ஆம் பிரிவின்படி, கழிவு மாதிரியை வாரியத்தின் ஆள் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டால்தான் சாட்சியம். உங்கள் மொய்னாவின் வேலை, அவர்கள் எந்த நாள், எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று சொல்வது. ஒருவரும் அசையவில்லை என்றால் அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து நீங்களே நீதிமன்றம் போக வழி உண்டு. அதற்குள் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

"மீன் சோதனையில் தேறிவிட்டதே" என்று ஒரு பதில் வரலாம். உண்மையாகவே தேறியிருக்கலாம். நம் விதிப்படி ஆலைக் கழிவை அப்படியே ஊற்றி மீன் விட்டு, 96 மணி நேரம் கழித்து 90 சதவீதம் பிழைத்தால் போதும். மீன் தாங்குவதைக் கூனி தாங்காது என்று கென்னட் கதையைச் சொல்லுங்கள். வாதாட வேண்டாம், நோட்டை நீட்டுங்கள்.

சோதனை முடிந்த குஞ்சுகள் தொட்டிக்கும் திரும்பக் கூடாது, ஆற்றுக்கும் போகக் கூடாது, மீனுக்கும் தீனியாகக் கூடாது. வெந்நீர் ஊற்றி, கிணற்றுக்குத் தள்ளி மண்ணில் கொட்டுங்கள். குவளையை வெந்நீரில் கழுவி மூன்று முறை அலசிக் கவிழ்த்து வையுங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் கண்ணில் படாத தூரத்தில் இருக்கட்டும். அதன் ஒட்டு மிச்சமும் மொய்னாவுக்கு விஷம், அடுத்த மாதம் ஒப்புக் குவளையில்தான் அது முதலில் தெரியும்.